யார் முதலில் கதவைத் தட்டுவது? கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஏற்ற துணை எது

என் இரண்டாவது குழந்தை பிறந்தபோது, "ஏதாவது வேணும்னா தயங்காம கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒன்பது பேர். எண்ணி வைத்திருந்தேன். நடுராத்திரியில் பால் கொடுத்தபடி உட்கார்ந்திருக்கும்போது எண்ணுவதற்கு வேறு என்ன இருக்கிறது? அந்த ஒன்பது பேரில் ஒருவரைக்கூட நான் கூப்பிடவில்லை. ரோஷமோ வீம்போ காரணமில்லை. என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று முடிவெடுத்து, போனை எடுத்து, நன்றாக இருப்பதுபோல் நாலு வார்த்தை பேசி, அப்புறம் விஷயத்துக்கு வர வேண்டும். அதற்கெல்லாம் தெம்பு இருந்திருந்தால் எனக்கு உதவியே தேவைப்பட்டிருக்காது.

கடைசியில் கைகொடுத்தவர் அந்த ஒன்பது பேரில் இல்லாத ஒருவர், மாடியில் குடியிருந்த அக்கா. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் தானாக வந்து கதவைத் தட்டுவார். "பிள்ளையைக் கொடு, நீ போய்ப் படு" என்பார். விசாரணை கிடையாது, அறிவுரையும் கிடையாது.

அதற்கப்புறம், வாயும் வயிறுமாக இருப்பவர்களுக்கும் பச்சை உடம்புக்காரிகளுக்குமான துணை என்று எதைக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். இதில் முதல் அடியை யார் எடுத்து வைக்க வேண்டும்? தவிக்கிறவரா, துணைக்கு வருகிறவரா? மனம் சோர்ந்து கிடக்கும்போது முதலில் போவது கேட்கும் திராணிதான். குடும்பம், தாய்மார் குழு, இணையக் குழு, அனுபவப்பட்ட ஒரு தாயின் தனித்துணை, வீடு தேடி வரும் நர்ஸ், ஆலோசகர் என்று வழிகள் பல இருக்கின்றன. அவற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பிடுகிறேன். செலவு, தூரம், நேரம் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

ஆனால் ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். எல்லாத் தவிப்பும் ஒரே ரகம் இல்லை. பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது பெரும்பாலான தாய்மார்களுக்கு நடப்பதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். தூக்கமும் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் போதும். இரண்டு வாரம் தாண்டியும் மனம் எழும்பவில்லை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தையைப் பார்த்தால் குற்ற உணர்ச்சிதான் வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இது அபூர்வமும் இல்லை. உலக அளவில் கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலக் கோளாறு, முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூன்றாவது ரகம் மிக அரிது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். தூங்காமலே அளவுக்கு மீறிய பரபரப்பு, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள், இருந்தாற்போல் குழம்பிப் போவது. இப்படி ஏதாவது தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடுங்கள். தாயைத் தனியாக விடாமல் அன்றைக்கே அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப் போக வேண்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தாலும் அதே அவசரம்தான். குழந்தைக்கு ஏதோ ஆவதுபோல வேண்டாத காட்சிகள் மனதில் வந்து பயமுறுத்துவது வேறு. அது நிறையப் பெற்றோருக்கு வருவதுண்டு, அதனால் யாரும் கெட்டவராகிவிடுவதில்லை. ஆனாலும் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்வது நல்லது.

முதல் இரண்டில் எந்த ரகம் என்று தெரியாமல் குழம்பினால் எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாள் உதவும். 1987-ல் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. மொத்தம் 10 கேள்விகள்; கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கும். இதைத் தயாரித்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்பது எனக்கு ஓர் இடத்தில் புரிந்தது. "அசதியாக இருக்கிறதா?" என்று எங்கேயும் கேட்பதில்லை. கைக்குழந்தைக்காரி யாருக்குத்தான் அசதி இல்லை? தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதும், தூங்க முடியாத அளவுக்கு மனம் வருந்தினீர்களா என்றுதான் கேட்கிறது. மொத்தம் 30-க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு பதில் வந்தால், மொத்தம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இது வெறும் சல்லடைதான். நோயா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

சரி, குடும்பத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லோருக்கும் முதலில் கிடைப்பது அதுதான்.

ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் குடும்பத்தை மிஞ்ச எந்த அமைப்பாலும் முடியாது. கூப்பிடவே வேண்டாம், அழுகுரல் கேட்டே எழுந்து வருவார்கள். துவைக்க, சமைக்க, மூத்த பிள்ளையைக் கவனிக்க என்று கைகள் கிடைக்கும். ஆனால் ஒத்தாசையோடு தீர்ப்பும் சேர்ந்தே வரும். "நாங்கெல்லாம் நாலு பெத்தோம்" என்ற ஒரு வரியை ஒரு முறை கேட்டுவிட்டால் வாயைத் திறக்கத் தோன்றாது. அம்மாவிடம் உள்ளதைச் சொன்னால் அவர் நம்மைவிட அதிகமாக உடைந்துபோவார், அப்புறம் அவரைத் தேற்றும் வேலையும் நம்முடையதாகும். சில வீடுகளில் தவிப்புக்கே காரணம் குடும்பமாக இருக்கும். அங்கே குடும்பத்தைத் துணை என்று சொல்வதே அநியாயம்.

என் கணக்கில், உடம்புக்கு ஓய்வு தருவதில் குடும்பம் முதலிடம், மனதைத் திறந்து பேசுவதில் கடைசி இடம். ஆகவே அதனிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்பது புத்திசாலித்தனம். "எனக்கு முடியலை" என்று சொன்னால் அறிவுரைதான் கிடைக்கும். "ராத்திரி ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைக்கும் பிள்ளையை நீங்க பாத்துக்கோங்க" என்றால் நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். இப்படி வேலையாகவும் நேரமாகவும் மாற்றிக் கேட்க வேண்டும். அதையும் தாய் கேட்கக் கூடாது, கணவர் கேட்க வேண்டும். அவருடைய குடும்பத்திடம் மட்டுமில்லை, அவளுடைய குடும்பத்திடமும்தான்.

மனதைத் திறந்து பேச யார் என்றால், நான் கைகாட்டுவது தனித்துணையை. இதே பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்த இன்னொரு தாய், ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொடர்ந்து பேசுவது. கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனச்சோர்வு வரும் அபாயம் அதிகமாக இருந்த 701 புதிய தாய்மார்கள் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு, முன்பு மனச்சோர்வை அனுபவித்து மீண்ட ஒரு தன்னார்வத் தாய் போனில் பேசினார். அந்தத் தன்னார்வலர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி நான்கு மணி நேரம்தான். பிரசவமான பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்தால், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. போன் துணை கிடைத்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு மட்டும்தான்.

இந்த ஆய்வில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது அந்த எண்கள் இல்லை. போனை எடுத்துக் கூப்பிட்டது யார் என்பதுதான். தாய் கூப்பிடவில்லை. தன்னார்வலர்தான், பெயர் தரப்பட்ட இரண்டு மூன்று நாளுக்குள் தானே கூப்பிட்டார். எங்கள் மாடி அக்கா செய்ததும் இதுதானே! இதே தன்னார்வலர்களின் எண்களை ஒரு தாளில் அச்சடித்து, "தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்" என்று கொடுத்திருந்தால் அந்தத் தாள் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அலமாரியிலும் அப்படி இரண்டு தாள் இருந்தது.

தனித்துணையில் குறை இல்லாமல் இல்லை. எல்லாம் ஒருவரைச் சார்ந்தே நிற்கிறது. அவர் ஊர் மாறினாலோ, அவருக்கே மனசு சரியில்லாமல் போனாலோ கயிறு அறுந்துவிடும். தன் கதையைச் சொல்ல ஆரம்பித்து நம் கதையைக் கேட்க மறந்துவிடுகிற துணைகளும் உண்டு. இரண்டு முறை பேசியும் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல அமைப்பு என்றால் அந்தத் தன்னார்வலருக்குப் பின்னால் பொறுப்பாக ஒருவர் இருப்பார். பிரிட்டனில் 1973-ல் லெஸ்டர் நகரத்தில் மார்கரெட் ஹாரிசன் தொடங்கிய ஹோம்-ஸ்டார்ட் இதே யோசனையை வீட்டு வாசல் வரை கொண்டுபோனது. பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள ஒருவர் வாரம் ஒரு முறை வீட்டுக்கே வந்து கூட இருப்பார்.

அடுத்தது நேரில் கூடும் குழு. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, அதில் ஒருத்தி "என் பிள்ளைமேல எனக்கு இன்னும் பாசமே வரலை" என்று சொல்லி, இன்னும் மூன்று பேர் தலையை ஆட்டும்போது, பல மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிடும். தனித்துணையால் இதைத் தர முடியாது. அது ஒருவருடைய அனுபவம், இது நாலு பேருடைய சாட்சி. ஆனால் நம் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் குழு தடுமாறுகிறது. ஆறு வாரக் குழந்தைக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, மறுபடி துணி மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு பதினொரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ரொம்பவும் சோர்ந்துபோனவள் அன்றைக்கு வர மாட்டாள். வந்திருக்கிறவர்கள் ஓரளவு தேறியவர்கள். அதனால் எல்லாக் குழுக்களும் பார்க்க நன்றாகவே நடப்பதுபோல் தெரியும்.

குழு பலன் தர நாளும் பிடிக்கும். ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் ஏக்ஜுட் என்ற அமைப்பு பெண்களை மாதம் ஒரு முறை கூட்டி, தாய் சேய் நலப் பிரச்சினைகளை அவர்களே பேசி அவர்களே வழி தேடும்படி செய்தது. 2010-ல் வந்த முடிவுகளின்படி, பிறந்த குழந்தைகளின் இறப்பு 32 சதவீதம் குறைந்தது. தாய்மார்களின் மனச்சோர்வில் மொத்தமாகப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியவில்லை. மூன்றாவது ஆண்டில்தான் நடுத்தர அளவு மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்தது. ஊர் கூடி உறவு பிடிப்பதற்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அடுத்த வாரமே தெம்பு வேண்டும் என்பவர் இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

அதனால்தான் குழுவுக்குச் சரியான நேரம் கர்ப்ப காலம் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரசவத் தேதி உள்ள எட்டு முதல் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, பரிசோதனையையும் பேச்சையும் ஒரே அமர்வில் வைக்கும் முறை சில நாடுகளில் இருக்கிறது. தெம்பு இருக்கும்போதே பழகிவிடுகிறார்கள். பிள்ளை பிறந்து ஒருத்தி காணாமல் போனால், "அவ எங்கே?" என்று கேட்க ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

இணையக் குழுக்கள், வாட்ஸ்அப் குழுக்கள் இதற்கு நேர் எதிர். அதிகாலை மூன்று மணிக்குத் திறந்திருக்கும், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். இரட்டைக் குழந்தை, குறைமாதக் குழந்தை, கருச்சிதைவுக்குப் பின் வந்த கர்ப்பம் என்று பக்கத்தில் யாருக்கும் நடக்காத ஒன்று உங்களுக்கு நடந்திருந்தால், அதே நிலையில் உள்ளவர்களை இணையம் ஒன்றுதான் கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்த விஷயத்தில் அதற்கு இணையே இல்லை. ஆனால் முந்நூறு பேர் உள்ள குழுவில் நீங்கள் பத்து நாள் வாயே திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. மாத்திரையை நிறுத்து, இதைச் சாப்பிடு என்று சொல்ல மட்டும் நாற்பது பேர் வருவார்கள். நான் இதைத் துணைகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. துணை கிடைக்கும்வரை ஒதுங்கி நிற்கும் நிழல் என்று வைத்துக்கொள்ளலாம். உதவி எண்களும் ஏறக்குறைய அப்படித்தான். நெருக்கடியான ஒரு ராத்திரியைத் தாண்ட அவசியம் வேண்டும், ஆனால் அடுத்த வாரம் அவர்கள் உங்களைத் தேட மாட்டார்கள்.

வீடு தேடி வரும் நர்ஸ் அல்லது சுகாதாரப் பணியாளர் என் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்குகிறார். கேட்டாலும் வருவார், கேட்காவிட்டாலும் வருவார். அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் 1977-ல் எல்மைரா நகரத்தில் தொடங்கிய திட்டத்தில், முதல் பிள்ளையைச் சுமக்கும் ஏழைப் பெண்களிடம் நர்ஸ்கள் கர்ப்பத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை போனார்கள். மனச்சோர்வுக்கு இதைவிட வலுவான சான்று பாகிஸ்தானிலிருந்து வருகிறது. ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், உளவியல் படிக்காத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி மாதக் கர்ப்பத்தில் தொடங்கிப் பதினாறு சந்திப்புகள். 2008-ல் வெளிவந்த முடிவு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது இந்தப் பேச்சுத் துணை கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது, பயிற்சி பெறாத பணியாளர்கள் அதே அளவு சந்திப்புகள் நடத்திய கிராமங்களில் 53 சதவீதம். வருவது மட்டும் போதாது, வந்தவருக்கு என்ன பேசுவது என்று தெரிந்திருக்கவும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. என் கேள்வியை நானே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. உலக சுகாதார நிறுவனம் பிற்பாடு இந்த முறையைக் கையேடாகவே வெளியிட்டது.

இதன் குறை, நாம் தேர்ந்தெடுக்கக்கூடியதாக இல்லை என்பதுதான். இருக்கிற இடத்தில் அந்த ஏற்பாடு இருந்தால் உண்டு. இன்னொன்று, பதிவேட்டோடு வருகிறவரிடம் "நான் நல்ல அம்மா இல்லை" என்று சொல்ல எல்லோருக்கும் பயம். எழுதி வைத்துவிடுவாரோ என்று தோன்றும். முதல் சந்திப்பிலேயே "நான் சொல்வது யார் யாருக்குப் போகும்?" என்று கேட்டுவிடலாம். நேர்மையான பணியாளர் மழுப்பாமல் பதில் சொல்வார்.

ஆலோசகரையும் மனநல மருத்துவரையும் எல்லோரும் ஏணியின் கடைசிப் படியில் வைக்கிறார்கள். முதலில் குடும்பம், பிறகு தோழிகள், பிறகு குழு, எதுவும் நடக்காவிட்டால் டாக்டர். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அறிகுறி கனமாக இருந்தால் முதல் படியே அதுதான். மற்றவை பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகள். பேச்சு வழிச் சிகிச்சைகளில் இரண்டுக்கு நல்ல சான்று இருக்கிறது. ஒன்று, நினைப்பையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கும் முறை. இன்னொன்று, உறவுகளிலும் வாழ்க்கைப் பாத்திரத்திலும் வந்த மாற்றத்தைப் பேசும் முறை. நேற்றுவரை ஒருத்தி, இன்றைக்குத் தாய் என்று மாறியவளுக்கு இரண்டாவது முறை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும் என்பது என் எண்ணம். மாத்திரை என்றதும் பாலை நிறுத்த வேண்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும். பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்ற மருந்தாகப் பார்த்துத் தருவார். ஏற்கனவே மருந்து சாப்பிடுகிறவர் கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்துவது ஆபத்து.

ஆனால் "முதல் அடி யார்?" என்ற கேள்வியில் இந்த வழிதான் படுதோல்வி. எண்ணைத் தேடி, நேரம் வாங்கி, காத்திருந்து, முன்பின் தெரியாதவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியவர் நோயாளிதான். எனவே அப்பாயின்ட்மென்ட் வாங்குவதும், கூட்டிப் போவதும், வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வேறு ஒருவர் வேலையாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்தால், இதைக் கொடுங்கள்.

அப்பாக்களை இதுவரை விட்டுவிட்டேன், எல்லோரும் விடுவதுபோலவே. 2010-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சுமார் 10 சதவீதம் அப்பாக்களுக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் காலத்தில் அது உச்சத்தில் இருந்தது. வந்த சொந்தங்கள் திரும்பிப் போய், விடுமுறையும் தீர்ந்து, "இனி எல்லாம் சரி" என்று ஊரே நினைக்கும் நேரம். மேலே சொன்ன வழிகளில் பெரும்பாலானவற்றின் வாசலில் "தாய்மார்களுக்கு" என்ற பலகை தொங்குகிறது. அப்பாவுக்கு எனக்குத் தெரிந்து கைகொடுப்பது இன்னொரு அப்பா. அதுவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து நடப்பது. குழந்தையின் தடுப்பூசிக்குப் போகும்போது "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? தூக்கம் கெட்டு உடம்புதான் ஓய்ந்திருக்கிறது, மனம் தெளிவாக இருக்கிறது என்றால் குடும்பத்திடமும் அக்கம்பக்கத்திடமும் நேரம் கேளுங்கள், வேறொன்றும் வேண்டாம். ஆள் நிறைய இருந்தும் தனிமையாகத் தோன்றினால் தனித்துணை. இப்போதுதான் ஐந்தாவது மாதம், கைகால் நன்றாக இருக்கிறது என்றால் இன்றைக்கே ஒரு குழுவில் சேர்ந்துவிடுங்கள். முன்பு ஒரு முறை மனச்சோர்வு வந்தவர் என்றால், அறிகுறிக்காகக் காத்திராமல் கர்ப்பத்திலேயே ஆலோசகரைப் பார்த்துவைக்கலாம். பார்த்தவர் பெயரைக் கணவருக்கும் சொல்லிவைக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை விட வேண்டும் என்றில்லை. ஆனால் நாலு இடத்தில் பெயர் கொடுத்துவிட்டு நாலிலும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு பாரம்தான். ஒத்தாசைக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

எந்த அமைப்பில் சேர்வதாக இருந்தாலும், பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நான் இரண்டு வாரம் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" "எங்க கதவு எப்பவும் திறந்தே இருக்கும்மா" என்று சொல்கிறவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். நான் பெயர் கொடுப்பது, "மூணாவது நாளே கூப்பிடுவோம், எடுக்கலைன்னா யாரைக் கேக்கணும்னு ஒரு நம்பர் கொடுங்க" என்று பேனாவை எடுப்பவர்களிடம்.